பெயர் நீக்கல் சான்று

ஆரணி
8-1-2001

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தங்கை பூங்காவனம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மகள் அமுதாவும் சுகமாக இருக்கிறோம். தேவிகாபுரத்தில் நீங்களும் அண்ணியும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். அண்ணியின் முட்டிவலி தேவலையா?

பதினாறு வருஷம் கழித்துத் தங்கை எழுதினால் ஏதோ காரியம் இருக்கும் என்று நினைப்பீர்கள். சரியாகத்தான் நினைக்கிறீர்கள். அமுதாவின் அப்பா காலமானபோது ஒரு கார்டு போட்டேன். அது உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி இப்போது பேச வரவில்லை.

எனக்கு ரேஷன் கார்டு வேண்டும். அவர் இருந்தவரை அவர் அம்மாவின் கார்டில் சாமான் வாங்கினோம். மாமியாரும் போய், அவரும் போய், அந்தக் கார்டும் போய்விட்டது. புதுக் கார்டு கேட்டால், பிறந்த வீட்டுக் கார்டில் பெயரை எடுத்துவிட்டதற்குச் சான்று கொண்டுவா என்கிறார்கள். நான் தாவீதைக் கட்டிக்கொண்டு வந்த அன்றே நீங்கள் என் பெயரை அடித்திருப்பீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அடித்ததற்கு உங்கள் தாலுகா ஆபீசில் பெயர் நீக்கல் சான்று என்று ஒரு தாள் தருவார்களாம். அதை வாங்கி அனுப்பினால் போதும்.

அமுதா வந்தவாசியில் சிஸ்டர்கள் நடத்தும் விடுதியில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். பரீட்சை முடிந்தபின் மே மாசத்துக்கு மேல் அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்குள் கார்டு வந்தால் அவளை என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இங்கே பள்ளியில் சேர்ப்பேன். பள்ளியிலும் கார்டு நகல் கேட்கிறார்கள்.

தொந்தரவுக்கு மன்னிக்கவும். பதிலை வீரபாகு டீக்கடை, ஆரணி என்று எழுதினால் என் கைக்கு வந்துவிடும்.

உங்கள் நலம் கோரும்,
பூங்காவனம்


தேவிகாபுரம்
2-2-2001

பூங்காவனத்துக்கு வேணுகோபால் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணிக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

கடிதம் வந்தது. ரேஷன் அட்டை பீரோவில் இருக்கிறது. அறுவடை நேரம், ஆபீசுக்கு அலைய முடியவில்லை. பார்த்து எழுதுகிறேன்.

டீக்கடை விலாசம் எதற்கு? வீட்டுக்கு நம்பர் இல்லையா?

வேணுகோபால்


ஆரணி
9-2-2001

அன்புள்ள அண்ணனுக்கு,

பூங்காவனத்தின் வணக்கம். உங்கள் கடிதத்தை வீரபாகு அண்ணன் கல்லாப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக் கொடுத்தார். அண்ணிக்கு நல்லெண்ணெயைச் சூடு செய்து முட்டியில் தேய்க்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போடாமல் பதில் போட்டீர்களே, அதற்கு என்ன சொல்வது. மூன்று முறை படித்தேன். மொத்தமே பத்து வரி என்பதால் சீக்கிரம் படித்துவிட்டேன்.

டீக்கடை விலாசம் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தறி வீடுகளில் பாவு இழை பிணைக்கிற வேலை. இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு வீடு. தபால்காரர் என் பின்னால் ஓடி மாளாது. வீரபாகு கடையில் காலையில் எப்படியும் ஒரு டீ குடிப்பேன், அதனால் தபால் தப்பாது. இருக்கிற இடமும் நல்ல காற்றோட்டமான இடம்தான்.

அமுதா அரையாண்டில் கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கியிருக்கிறாள். அவளுக்குப் பரீட்சை நெருங்குகிறது. சான்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பூங்காவனம்


தேவிகாபுரம்
5-3-2001

அன்பு நாத்தனார் பூங்காவனத்துக்கு,

அண்ணி திலகவதி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் குழந்தையும் சுகமா? நல்லெண்ணெய் தேய்க்கிறேன், கொஞ்சம் பரவாயில்லை.

உன் அண்ணன் பதில் போட மாட்டார், நானே எழுதுகிறேன். இதை எழுதினேன் என்று அவரிடம் சொல்லிவிடாதே. உன் பெயரை அவர் அடிக்கவே இல்லை. ஊரில் எல்லோரிடமும் தலை முழுகிவிட்டேன் என்றார். ஆனால் ரேஷன் கணக்கெடுக்க ஆள் வரும்போதெல்லாம், "எங்க வூட்ல மூணு பேரு"ன்னு அவரே முந்திக்கொண்டு சொல்வார். புதுக் கார்டு கொடுத்தபோதும் அப்படியேதான். ஏன் என்று கேட்டேன். "உனுக்கு இன்னா தெரியும், தலைக்கு அரைக்கிலோ சக்கர குடுக்கறான்"னு என் வாயை அடைத்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து ஏழு வருஷம் ஆகிறது பூங்காவனம். நான் காப்பிக்கே போட மாட்டேன். அந்தச் சர்க்கரையை மாதாமாதம் எறும்புதான் தின்கிறது.

உன் கடிதம் வந்ததிலிருந்து அட்டையை எடுத்துப் பார்க்கிறார், உள்ளே வைக்கிறார். அவ்வளவுதான் நடக்கிறது. நீ இன்னொரு கடிதம் போடு.

குழந்தைக்கு என் முத்தம்.
திலகவதி


ஆரணி
12-3-2001

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்பைக் குறையுங்கள், இந்த வயதில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிற புத்திதான்.

பதில் வராததால் எழுதுகிறேன். ஒரு வேளை, ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன், என் பெயர் இன்னும் அங்கேயே இருந்தால் சொல்லத் தயங்க வேண்டாம். இருந்தால் நான் கோபித்துக்கொள்வேனா? நேற்றுச் சாயங்காலம் முழுக்க எதற்கென்று தெரியாமல் அழுதுகொண்டே இழை பிணைத்தேன். தறி வீட்டுத் தனகோடி அக்கா, "இன்னாடி, பட்டு மேல கண்ணீர் வுட்டா கறையாயிடும்"னு திட்டினாள்.

அமுதாவுக்கு அடுத்த வாரம் பரீட்சை தொடங்குகிறது. அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

பூங்காவனம்


தேவிகாபுரம்
26-3-2001

பூங்காவனத்துக்கு,

நலம். நலம் எழுதவும்.

உன் பெயர் அட்டையில் அப்படியே இருக்கிறது. சர்க்கரைக்காக விட்டு வைத்தேன். இப்போது யோசித்தால் அதுவும் நல்லதுக்குத்தான். தனியாக அங்கே எதற்குக் கஷ்டப்படுகிறாய்? புதுக் கார்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நீ வந்துவிடு. பின்கட்டு அறையில் நெல் மூட்டைதான் இருக்கிறது, எடுத்துவிடலாம். உன் பெயர் இருக்கிற வீட்டுக்கு நீ வர யாரைக் கேட்க வேண்டும்?

நடந்தது எதையும் பேச வேண்டாம். ஊரும் மறந்துவிட்டது. பஸ் ஏறு முன் ஒரு வரி போடு, ஸ்டாப்பிங்கில் நிற்கிறேன்.

வேணுகோபால்


ஆரணி
1-4-2001

அன்புள்ள அண்ணனுக்கு,

பூங்காவனத்தின் அநேக நமஸ்காரம். உங்கள் கடிதத்தைப் பிரித்தபோது கடையில் நின்றுகொண்டிருந்தேன். படித்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வீரபாகு அண்ணன் பயந்துபோய்ச் சோடா உடைத்தார். வந்துவிடு என்கிற வார்த்தைக்காகப் பதினாறு வருஷம் காத்திருந்திருக்கிறேன், அது எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் அண்ணா, நீ வா என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் இரண்டு பேர்.

மூன்று கடிதத்தில் அமுதாவைப் பற்றி எழுதினேன். நீங்கள் அவள் பெயரை ஒரு தடவையும் எழுதவில்லை. உங்கள் அட்டையில் நான் இன்னும் கல்யாணம் ஆகாத தங்கை. அந்தப் பெயருக்குள் நான் வந்தால் அமுதா எதற்குள் வருவாள்? அவள் அப்பா எங்கே போவார்? ஊர் மறந்துவிட்டது என்கிறீர்கள். மறக்கிற மாதிரி அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. என்னை ஒருநாளும் கைநீட்டி அடிக்காத மனுஷன்.

இனிமேல் மறைப்பதில் அர்த்தம் இல்லை, சொல்லிவிடுகிறேன். காற்றோட்டமான இடம் என்று எழுதினேனே, அது வேலை இல்லாத ராத்திரியில் நான் படுக்கிற மாதா கோவில் தாழ்வாரம். எனக்கு வீடு இல்லை. அவர் போன ஆறாம் மாசம் வீட்டுக்காரர் வீட்டை இடித்துப் பவர்லூம் போட்டார். அன்றிலிருந்து அமுதா விடுதியில், என் டிரங்குப் பெட்டி டீக்கடையில், நான் தெருவில். வாடகைக்கு வீடு கேட்டால் கார்டு எங்கே என்கிறார்கள். கார்டு கேட்டால் வீடு எங்கே என்கிறார்கள். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் படுத்தேன், அதற்கப்புறம் படுக்கவில்லை. லீவு விட்டால் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போக, அமுதா மட்டும், "எனக்கு இங்கதான் படிக்க வசதி சிஸ்டர்"னு சொல்லிக்கொண்டு நிற்பாளாம். அவளுக்கு எல்லாம் தெரியும். என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை.

பட்டினி கிடந்தேன் என்று நினைக்காதீர்கள். இந்தத் தெரு என்னைக் காப்பாற்றியது. தறியில் பழைய பாவு முடிகிற நேரத்தில் அதன் இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை, ஒரே நாளில் முடியாது. பாதியில் விட்டுப் போனால் எலி இழுத்துவிடும் என்று பிணைக்கிறவளை அந்த வீட்டிலேயே சாப்பிட்டுத் தறியோரம் படுக்கச் சொல்வார்கள். அது இங்கே வழக்கம். எனக்கு அந்த வழக்கம்தான் கூரை.

அதே வழக்கம் என் காரியத்தைக் கெடுக்கவும் செய்தது. கேளுங்கள். டிசம்பரில் தனகோடி அக்கா வீட்டு விலாசத்தைக் கொடுத்து மனு போட்டிருந்தேன். விசாரிக்க ரெவின்யூ ஆபீஸ் ஆர்.ஐ. வந்தார். அக்கா, "ஆமா சார், எங்கூட்லதான் கீறா"ன்னு சொன்னாள். அதோடு போயிருக்கலாம். எதிர்வீட்டு தசரதன் ஓடிவந்து, "எங்க வூட்லதான சார் மூணு நாளா படுத்துகினு கீறா"ன்னு சொன்னார். அவர் வீட்டில் அப்போது பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு சக்கரவர்த்தியும் வந்து, "போன வாரம் எங்க வூட்ல சார்"னு சொன்னார். எனக்கு உதவுகிறார்களாம். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள், எனக்கு ஒரு தெருவே சாட்சி. ஒரே ஆள் மூன்று வீட்டிலா என்று ஆர்.ஐ. மனுவைத் தள்ளிவிட்டார். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. அன்றைக்குத் தெருவில் மூன்று வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. அவர்களை நான் தேற்ற வேண்டியதாயிற்று.

போன வாரம் நானே ஆபீசுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். ஆர்.ஐ. நல்ல மனுஷர். "மூணு வூட்ல இருந்தா ஒரு வூட்லயும் இல்லேன்னுதாம்மா அர்த்தம். எனக்கு ஒரு கதவு காட்டு, எழுதிக்கிறேன்"னு சொன்னார். கதவுக்கு வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன். சான்றுக்கு மட்டும் உங்களை விட்டால் ஆள் இல்லை.

பெயரை விட்டு வைத்ததற்குக் கோடி நன்றி. இப்போது அதை எடுத்துக் கொடுங்கள் அண்ணா.

உங்கள் தங்கை,
பூங்காவனம்


தேவிகாபுரம்
12-4-2001

பூங்காவனத்துக்கு அண்ணன் எழுதுவது.

நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதத்தைப் படித்தேன். உன் அண்ணியும் படித்தாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அவள் செய்வது சரிதான். சாவுச் செய்தி சொல்லி நீ போட்ட அந்தக் கார்டு எனக்குக் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பினேன்.

நேற்றுத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். பெயர் நீக்குவதற்குக் காரணம் எழுத வேண்டுமாம். "செத்துட்டாங்களா, கண்ணாலம் ஆயி பூட்டாங்களா?"ன்னு கிளார்க் கேட்டார். பின்னால் நம் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். கல்யாணம் என்று சொன்னேன். அவருக்குக் காது கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். எந்தத் தேதி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் பேனாவை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தேதியை எழுது. கணவர் வீட்டு விலாசமும் கேட்கிறார்கள்.

வேணுகோபால்


ஆரணி
17-4-2001

அன்புள்ள அண்ணனுக்கு,

பூங்காவனம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம், நிஜமாகவே சுகம். அண்ணியைப் பேசச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தீர்கள் அல்லவா, எனக்கு அது போதும்.

தேதி 20-5-1985, திங்கட்கிழமை. ஆரணி மாதா கோவில். கேட்டதால் மற்றதையும் எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். பச்சையில் அரக்குக் கரை போட்ட பட்டு. அவரே நெய்தது, இரவல் தறியில். பெண்ணைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போகப் பெண் வீட்டு ஆள் ஒருவர் வேண்டும் என்றார் ஃபாதர். எனக்கு யாரும் இல்லை. வெளியே டீ கொண்டுவந்திருந்த வீரபாகு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். உள்ளே போகும்போது நான் இரண்டு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யாரைத் தேடினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

விலாசமும் கிடைத்துவிட்டது. தனகோடி அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய தறிக் கொட்டகை சும்மா கிடந்தது. தறியை எடுத்துக் குழியை மூடி எனக்கு வாடகைக்கு விட்டாள். அதற்கு வாசலில் கோணிப்பைதான் தொங்கிக்கொண்டிருந்தது. வீரபாகு அண்ணன் கடைக்கு ஷட்டர் போட்டு, பழைய கதவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தசரதனும் சக்கரவர்த்தியும் சேர்ந்து நிலை வைத்தார்கள். ஆர்.ஐ. வரும்போது ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது என்று தெருவுக்கே கட்டளை போட்டேன். அவர் வந்து கதவைத் தட்டினார். நான் உள்ளேயிருந்து திறந்தேன். அந்த ஒரு நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கதவைத் திறந்தால் வடை வாசனை வருகிறது, அது போகட்டும்.

திருமதி பூங்காவனம், கணவர் பெயர் தாவீது, கதவு எண் 17-பி. தெருப் பெயரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
பூங்காவனம்


தேவிகாபுரம்
30-4-2001

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நாங்கள் நலம். அண்ணி பேசிவிட்டாள்.

இத்துடன் சான்று. 'திருமணமாகிக் கணவர் இல்லம் சென்றதால் பெயர் நீக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை பெயரை நான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். கிளார்க் அட்டையில் உன் பெயர் மேல் சிவப்பு மையால் கோடு போட்டபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

புது வீட்டுக்கு வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. கதவு இருக்கிறது என்று எழுதினாய், பூட்டைப் பற்றி எழுதவில்லை. பித்தளைப் பூட்டு ஒன்று பார்சலில் வைத்திருக்கிறேன். இரண்டு சாவி இருக்கிறது.

வேணுகோபால்


ஆரணி
24-6-2001

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் பூங்காவனமும் அமுதாவும் சேர்ந்து எழுதும் வணக்கம். இங்கே இருவரும் மிக்க நலம். உங்கள் நலத்தை அமுதா தினமும் கேட்கிறாள்.

எலெக்ஷன் வந்து கொஞ்சம் தள்ளிப்போனாலும் கார்டு கைக்கு வந்துவிட்டது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பெயர், கீழே அமுதா, மகள். அமுதா நானூற்றுப் பன்னிரண்டு வாங்கிப் பதினொன்றில் சேர்ந்துவிட்டாள். விடுதியிலிருந்து வந்த அன்று அவளிடம் சாவியைக் கொடுத்தேன். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நான் உள்ளே இருக்கும்போதே வெளியே போய்ப் பூட்டித் திறந்து பார்த்தாள், மூன்று தடவை.

யார் யாருக்கு நன்றி சொல்வது என்று படுத்தபடி யோசிப்பேன். கதவு கொடுத்தவர், நிலை வைத்தவர்கள், கொட்டகை கொடுத்தவள், தாழ்வாரத்தில் என்னை எழுப்பாமல் சுற்றிக்கொண்டு போன கோவில் காவல்காரர், பூட்டு கொடுத்த நீங்கள். எண்ணி முடிப்பதற்குள் தூங்கிவிடுகிறேன்.

கார்டில் முதலில் வாங்கியது சர்க்கரைதான். அதில் அரைக்கிலோவை இந்தப் பக்கம் வந்த உங்கள் ஊர்க்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். என் பெயர் போனதால் உங்களுக்குக் குறைந்த சர்க்கரை அது. அண்ணிக்கு மட்டும்தான். உங்களுக்குச் சர்க்கரை வியாதி என்று எனக்குக் கனவில் தெரிந்தது.

என்றும் நன்றியுள்ள,
பூங்காவனம்


தேவிகாபுரம்
8-7-2001

பெறுநர்: செல்வி தா. அமுதா, கதவு எண் 17-பி, ஆரணி

அன்புள்ள அமுதாவுக்கு,

உன் மாமா வேணுகோபால் எழுதுவது. நீயும் உன் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அத்தையும் நலம்.

நீ என்னைப் பார்த்ததில்லை. தப்பு என்னுடையது. உறையில் உன் பெயருக்கு முன்னால் உன் அப்பாவின் எழுத்தைப் போடுகிற சந்தோஷம் எனக்கு இவ்வளவு தாமதமாகக் கிடைத்திருக்கிறது. அவரை நான் ஒருமுறை பார்த்துப் பேசியிருக்க வேண்டும். இனி உன்னிடம்தான் பேச முடியும்.

உன் அம்மா அனுப்பிய சர்க்கரையில் அத்தை பாயசம் வைத்தாள். எனக்கு ஒரு கரண்டி கொடுத்தாள், உன் அம்மாவிடம் சொல்லாதே.

நேற்று ரேஷன் கடைக்குப் போனேன். புதிதாக ஒரு ஆள் வந்திருக்கிறார். "எத்தினி பேரு பெர்சு உங்க கார்டுல?"ன்னு கேட்டார். பழக்கத்தில் மூணு என்று சொல்லிவிட்டேன். அவர் கார்டைத் திருப்பிப் பார்த்து, "ரெண்டுதான கீது"ன்னு சொன்னார். உன் அத்தை பக்கத்தில் நின்று சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பின்கட்டு அறையில் நெல் மூட்டையை எடுத்துவிட்டேன். காலாண்டு லீவு விட்டதும் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. ஸ்டாப்பிங்கில் நிற்கிறேன். வருகிறபோது கதவைப் பூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஆசிகளுடன்,
உன் மாமா